பி.டி. வகுப்பில் உட்கார வைக்கச் சொன்ன மகளுக்கு இப்போது "தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும்" என்று சீட்டு

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. போன வருடம் மைதானத்தில் ஓடும்போது இளைப்பு வந்துவிட்டது. பயந்துபோய், எங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கி, பி.டி. வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டோம். அதிலிருந்து அந்த வகுப்பில் ஓரமாக உட்கார்ந்துதான் இருக்கிறாள். இப்போது எடை நன்றாகக் கூடிவிட்டது. புதிதாகப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர், மருந்து எழுதும் சீட்டிலேயே "தினமும் 60 நிமிட உடலியக்கம், அதில் பாதி பள்ளியில்" என்று எழுதி, பள்ளியில் கொடுக்கச் சொல்கிறார். பள்ளியிலோ, "அன்றைக்கு வேண்டாம் என்றீர்கள், இன்றைக்கு வேண்டும் என்கிறீர்களே" என்று கேட்கிறார்கள். உடற்பயிற்சியை மருந்து மாதிரி எழுதிக் கொடுப்பது உண்டா? மறுபடி இளைப்பு வந்தால்? படிப்பு கெடாதா?

பதில்: உண்டு. நியூசிலாந்தில் 1998 முதலே மருத்துவர்கள் உடலியக்கத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. சுவீடனிலும் அப்படி ஒரு முறை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு ஓடியாடுகிறது என்று கேட்டு ஆலோசனை சொல்லும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2020-ல் தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. ஆகவே உங்கள் புது மருத்துவர் புதுமையாக எதையும் செய்துவிடவில்லை. "கொஞ்சம் விளையாடட்டும்மா" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்புவதைவிட, எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், வாரத்துக்கு எத்தனை நாள் என்று எழுதித் தருவதுதான் மேல். அளவு சொல்லாத அறிவுரையை வீட்டிலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பள்ளியிலும் எடுப்பதில்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பழைய கடிதம்தான். பி.டி. வகுப்புக்காக மருத்துவரிடம் கேட்கப்படும் கடிதம் என்றாலே அநேகமாக விலக்குக் கடிதம்தான். கை ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருந்தால் "ஆறு வாரம்" என்று எழுதுவோம். ஆறு வாரம் கழிந்ததும் அந்தக் கடிதம் தானாகவே காலாவதியாகிவிடும். வீசிங்குக்கு எழுதும் கடிதத்தில் முடிவு தேதி இருப்பதில்லை. அது பள்ளிக் கோப்பில் வருடக்கணக்கில் இருந்துவிடும். ஓடாமல் இருக்கும் குழந்தையின் இதயமும் தசைகளும் பழக்கம் விட்டுப்போய்த் தளரும். அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதையும் வீசிங் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் அதிகமாக உட்கார வைப்போம். உங்கள் மகளுக்கு இந்த ஒரு வருடத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, அவளுக்கு வருவது ஆஸ்துமா இளைப்பா, பழக்கம் விட்டுப்போன உடம்பின் மூச்சு வாங்கலா என்பதை. வீட்டிலேயே கவனிக்கலாம். பழக்கமின்மையால் வரும் மூச்சு, நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கத் தொடங்கிவிடும். ஆஸ்துமாவில் நேர்மாறாக, ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் அது உச்சத்துக்குப் போகும். ஐந்து முதல் பத்து நிமிடம் வரை கூடிக்கொண்டே போகும். கூடவே வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். வேகமாக ஓடும்போது வாயால் மூச்சு விடுவதால் காற்று ஈரப்பதம் இல்லாமல் உள்ளே போய், மூச்சுக்குழாயின் உட்புறத்தை உலர்த்திவிடும். அதனால்தான் குழாய் சுருங்குகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் இது அதிகம். நீச்சலில் குறைவு. விட்டுவிட்டு ஓடும் விளையாட்டுகளைவிட, நிற்காமல் நீளமாக ஓடும் ஓட்டத்தில்தான் அதிகம் வரும்.

இளைப்புதான் என்று உறுதியானாலும் அவளை உட்கார வைக்கத் தேவையில்லை. பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, வேக நடையும் சின்னச் சின்ன ஓட்டமுமாக உடம்பைத் தயார்ப்படுத்தினால், அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் சுருங்காது. சில குழந்தைகளுக்கு இந்த வார்ம்-அப் மட்டுமே போதும். போதாதவர்களுக்கு விளையாடப் போவதற்கு 10, 15 நிமிடம் முன்பு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை, மருத்துவர் சொன்ன அளவில், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழல்) எடுக்கச் சொல்வோம். ஓடாத நேரத்திலும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அந்த இன்ஹேலர் தேவைப்படுகிறது, ராத்திரி இருமி எழுகிறாள் என்றால் ஆஸ்துமாவே கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அப்போது தினசரி எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைத்தான் மருத்துவர் சரிபார்க்க வேண்டும். பி.டி. வகுப்பை நிறுத்துவது அதற்கு வைத்தியமாகாது. இன்ஹேலர் ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. மைதானத்துக்கு அவளோடு போக வேண்டும். இதைப் பள்ளியில் கட்டாயம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து அந்த 60 நிமிடக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது இதுதான்: வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலியக்கம், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது கடுமையான ஓட்டமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் வேலையும். ஒரே மூச்சில் 60 நிமிடம் என்று யாரும் சொல்லவில்லை. நடந்தே பள்ளிக்குப் போவது 15 நிமிடம், இடைவேளையில் 10 நிமிடம், பி.டி. வகுப்பில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று சேர்த்துக்கொள்ளலாம். வேகத்தை அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையான வேகம்.

எலும்பு என்று சொன்னதை நிறையப் பேர் காதில் வாங்குவதில்லை. ஒருவருக்குப் பெரியவரானபின் இருக்கும் எலும்புத் தாதுவில் கிட்டத்தட்ட கால் பங்கு, அவர் வேகமாக உயரம் வைக்கும் பருவத்தை ஒட்டிய இரண்டே வருடங்களில் சேர்கிறது. பெண் குழந்தைகளுக்கு அது 12 வயதை ஒட்டி வரும். உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். எலும்புக்கு வேண்டியது குதிப்பதும் தாவுவதும். கயிறு தாண்டுதல், நொண்டி, கூடைப்பந்து எதுவானாலும் சரி. சுவீடனின் மால்மோ நகரப் பள்ளி ஒன்றில் 1999 முதல், வாரத்துக்கு 60 நிமிடமாக இருந்த உடற்கல்வியைத் தினமும் 40 நிமிடம் என்று மாற்றி, குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். எலும்பின் தாது கூடியது. அதிகம் ஓடினால் அதிகம் விழுவார்கள், எலும்பு முறியும் என்ற பயம் பொய்த்தது. வருடங்கள் போகப் போக முறிவு குறைந்தது.

சரி, சீட்டில் எழுதியாயிற்று, பள்ளியும் ஒப்புக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கால அட்டவணையில் பி.டி. என்று இருப்பதும், குழந்தையின் உடம்புக்கு ஓட்டம் கிடைப்பதும் வேறு வேறு. பள்ளி அனுமதித்தால் ஒருநாள் கையில் கடிகாரத்தோடு மைதான ஓரம் நின்று, உங்கள் மகளை மட்டும் பாருங்கள். வகுப்பறையிலிருந்து வரிசையாக வந்து சேர, வருகைப் பதிவு எடுக்க, விதி விளக்க என்று கொஞ்ச நேரம் போகும். அப்புறம் இருபது பேருக்கு ஒரு பந்து. நன்றாக ஆடும் நாலைந்து பேர் பந்தைச் சுற்றி ஓடுவார்கள். மற்றவர்கள் அவரவர் இடத்தில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டிய விளையாட்டு என்றால் இன்னும் மோசம். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தக் குழந்தைதான் முதலில் அவுட் ஆகி உட்காரும். 40 நிமிட வகுப்பில் அவள் உண்மையில் மூச்சு வாங்க ஓடியது எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள்; உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

இது என் கண்ணுக்கு மட்டும் படுகிற குறை இல்லை. பள்ளிகளில் நடத்தப்பட்ட உடலியக்கத் திட்டங்களைப் பற்றிய 89 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-ல் வெளியிட்டது. குழந்தைகளின் மிதமான, கடுமையான உடலியக்கம் சராசரியாக நாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை என்கிறது அது. உடல்திறன் கொஞ்சம் உயர்ந்தது. உடல் நிறை குறியீட்டில் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பி.எம்.ஐ.) மாற்றம் மிகச் சிறியது. இதைப் படித்துவிட்டுப் பள்ளித் திட்டமே வீண் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பாதி மாத்திரையைக்கூட விழுங்காத நோயாளியை வைத்து அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று எப்படித் தீர்மானிப்பது?

ஆகவே பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது கூடுதல் பீரியட் அல்ல. இருக்கிற பீரியடில் எல்லோரும் நகர வேண்டும் என்பதுதான். நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுக்கலாம். அவுட் ஆனவர் ஓரமாகப் போய்ப் பத்துத் தாவல் தாவிவிட்டு மறுபடி உள்ளே வரலாம். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 2012-ல் இன்னும் எளிமையாக ஒன்றைத் தொடங்கினார்கள். வகுப்பு ஆசிரியரோடு எல்லாக் குழந்தைகளும் தினமும் 15 நிமிடம் வெளியே வந்து, அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ செய்வது, அவ்வளவுதான். போட்டி இல்லை, உடை மாற்றுவது இல்லை, கருவி இல்லை. பல நாடுகளுக்கு அது பரவியதற்கு அந்த எளிமையே காரணம் என்பது என் எண்ணம். மூச்சு வாங்கினால் நடக்கலாம் என்பதால் உங்கள் மகள் மாதிரிக் குழந்தைகளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

படிப்பைப் பற்றிய கவலைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாட நேரத்தைக் குறைத்துவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் குறையவில்லை. இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்காரும் குழந்தையின் கவனம் கூடுகிறது என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று இடைவேளையைப் பறிக்கும் வழக்கம் மட்டும் எனக்கு எப்போதும் எரிச்சலைத் தருவது. தண்டனையாகவோ பாடத்துக்காகவோ இடைவேளையை எடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதே போல, தப்புச் செய்தவரை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும் வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்றுக்கொண்ட குழந்தை அதை விரும்பி எப்போது ஓடும்?

எடை விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கையை ஊதிப் பெருக்க விரும்பவில்லை. ஓட்டம் மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்காது. சாப்பாடு, தூக்கம், திரை முன் உட்காரும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஆனால் எடைக் கருவியின் முள் நகராமல் நின்றாலும் உள்ளே ரத்த அழுத்தம், இன்சுலின் வேலை செய்யும் விதம், மூச்சுத் திறன், மனநிலை இவை மேம்படும். ஆகையால் வாரா வாரம் எடை பார்த்து அவளைச் சோர்வடையச் செய்யாதீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை வேண்டாம் என்று பள்ளியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நிற்காமல் எவ்வளவு நேரம் வேகமாக நடக்க முடிகிறது என்பதைக் குறித்து வையுங்கள், அது போதும்.

பள்ளியின் குழப்பத்துக்கு மருத்துவர் ஒரு முழுக் கடிதம் கொடுப்பதுதான் தீர்வு. சீட்டில் ஒரு வரி போதாது. அதில் இப்படி இருக்கலாம்: "இந்த மாணவிக்கு ஆஸ்துமா உண்டு, சிகிச்சையில் இருக்கிறார். முந்தைய விலக்குக் கடிதம் இன்று முதல் செல்லாது. எல்லா உடற்கல்வி வகுப்பிலும் கலந்துகொள்ள வேண்டும். முதல் 10 நிமிடம் மெதுவாகத் தொடங்கவும். முதல் இரண்டு வாரம் வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். இன்ஹேலர் அவர் கையில் இருக்க வேண்டும். இளைப்பு வந்தால் நிறுத்தி, உட்கார வைத்து, இன்ஹேலர் கொடுக்கவும். அடங்கியதும் அவர் விரும்பினால் மீண்டும் சேரலாம். எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை." கடைசி வரியை விட்டுவிட வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தேதி இருந்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

உடற்கல்வி ஆசிரியரை நேரில் சந்தித்து, இளைப்பு வரும்போது அவள் எப்படி இருப்பாள் என்பதையும் காட்டிவிடுங்கள். இன்ஹேலர் கொடுத்தும் குறையவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இவற்றில் எது இருந்தாலும் பெற்றோருக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓட்டத்துக்கு முன் இதயத்தைச் சோதிக்க வேண்டிய குழந்தைகளும் சிலர் உண்டு. ஓடும்போதே மயங்கி விழுந்திருந்தால், ஓடும்போது நெஞ்சு வலியோ காரணமில்லாத படபடப்போ வந்திருந்தால், குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தால், முதலில் பரிசோதனை, பிறகுதான் சீட்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தும் அடுத்த முறை போகும்போது இந்தக் கேள்விகளை நீங்களே எடுத்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். போன வருடம் மைதானத்தில் வந்தது இளைப்பு மட்டும்தானா, மயக்கமும் சேர்ந்து வந்ததா என்பதை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.