பல்லாங்குழியில் பதினைந்தாவது குழி

கேள்வி: ஹாஸ்டல் மெஸ்ஸுக்காக ஜாவாவில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஊருக்குப் போனவர்களின் பெயரை இரவுச் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கும். அறையில் சோதித்தபோது நன்றாக ஓடியது. லேபில் சார் முன்னால் ‘அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்ஸெப்ஷன்: ரிமூவ்’, அதாவது ‘நீக்குவது இங்கே முடியாது’ என்று பிழை விழுந்துவிட்டது. லிஸ்ட் என்றால் ரிமூவ் இருக்கத்தானே வேண்டும்? ஓட்டுவதற்கு முன் செய்யும் மொழிமாற்றமான கம்பைலும் ஆனதே! பிழையைப் பிடித்து நிறுத்தும் டிரை–கேட்ச் போட்டுச் சமாளிக்கலாமா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் அனுப்பிய கோடின் நான்காவது வரியிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார், தம்பி: ‘அர்ரேஸ்.ஆஸ்லிஸ்ட்’. பெயரில் லிஸ்ட் இருந்தாலும் அது அர்ரேயின், அதாவது இடங்களின் எண்ணிக்கை மாறாத வரிசையின், மேல் போர்த்திய துணிதான். பல்லாங்குழி மாதிரி. குழிக்குள் இருக்கும் சோழியை மாற்றலாம், அதாவது ‘செட்’ வேலை செய்யும். பதினைந்தாவதாக ஒரு குழி தோண்டவோ, இருக்கும் குழியைத் தூர்க்கவோ முடியாது. புதிதாகச் சேர்க்க ‘ஆட்’ போட்டாலும் இதே பிழைதான் வரும்.

அப்படியென்றால் அறையில் எப்படி ஓடியது? நீங்கள் அங்கே நீக்கச் சொன்ன பெயர் ‘டெஸ்ட்’. அந்தப் பெயரில் மெஸ்ஸில் யாரும் இல்லை. இந்த லிஸ்ட்டில் பெயரைக் கொடுத்து ரிமூவ் செய்தால், அது முதலில் ஒவ்வொன்றாகத் தேடும். கிடைக்காவிட்டால் ‘ஃபால்ஸ்’ என்று சொல்லிவிட்டு சும்மா இருந்துவிடும். கிடைத்து, எடுக்கப் போகும்போதுதான் கையை விரிக்கும். சார் நிஜப் பெயரைக் கொடுத்தார், மாட்டிக்கொண்டீர்கள். எதையுமே மாற்ற முடியாத லிஸ்ட்டைத் தரும் ‘லிஸ்ட்.ஆஃப்’ பயன்படுத்தியிருந்தால் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறையிலேயே விழுந்திருக்கும். அது ஒருவகையில் நல்லது.

கம்பைல் ஆனதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. 1998இல் ஜாவா 1.2 வந்தபோது, கூட்ட மட்டும் முடிகிற லிஸ்ட், மாற்ற மட்டும் முடிகிற லிஸ்ட் என்று தனித்தனி இன்டர்ஃபேஸ் (என்னென்ன செய்யலாம் என்ற அறிவிப்பு) வைத்தால் அவை பெருகிவிடும் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்குள் அடைத்தார்கள். ஆவணத்தில் ஆட், ரிமூவ் பக்கத்திலேயே ‘விருப்பப்பட்டால் மட்டும்’ என்ற பொருளில் ‘ஆப்ஷனல் ஆபரேஷன்’ என்று போட்டிருப்பார்கள். கம்பைலர் பார்ப்பது ‘லிஸ்ட்’ என்ற வகையை மட்டும்தான். உள்ளே எந்தப் பொருள் இருக்கிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். இதில் எனக்கு இருபது வருஷ மனக்கசப்பு உண்டு. மெனு கார்டில் போட்டுவிட்டு, ஆர்டர் கொடுத்த பிறகு ‘ரோஸ்ட் இல்லை சார்’ என்பது என்ன நியாயம்?

தீர்வு ஒரே வரி: ‘நியூ அர்ரேலிஸ்ட்’ போட்டு, அடைப்புக்குறிக்குள் இப்போது இருக்கும் ஆஸ்லிஸ்ட்டை அப்படியே கொடுங்கள். பெயர்கள் புது லிஸ்ட்டுக்கு நகலாகிவிடும். பிறகு எத்தனை பேரை வேண்டுமானாலும் ஊருக்கு அனுப்பலாம்.

டிரை–கேட்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். பிழைச் செய்தி மறையும், பெயர் பட்டியலிலேயே இருக்கும், மெஸ்ஸில் அவருக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதைச் செய்திருக்கிறேன். ரத்தான பொருட்களைப் பில்லிலிருந்து நீக்கும் இடத்தில் காலி கேட்ச் ஒன்று வைத்தேன். மூன்று நாள் கழித்துக் கணக்குப் பிரிவு அக்கா ஒரு கட்டு பில்லோடு என் மேஜைக்கு வந்தார். அவர் திட்டவில்லை, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அது இன்னும் மோசம்.

கேள்வி: ஜாவா 8இலிருந்து 17க்கு மாறினோம். அதோடு கோடு எழுதும் எடிட்டர் மென்பொருள் பரிந்துரைத்தபடி ‘கலெக்டர்ஸ்.டூலிஸ்ட்’ இருந்த இடங்களில் வெறும் ‘டூலிஸ்ட்’ போட்டோம். அதிலிருந்து சில இடங்களில் இதே பிழை. ஏன்?
— வாசகி, ஓசூர்

பதில்: பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும் ஸ்ட்ரீமின் ‘டூலிஸ்ட்’ ஜாவா 16இல் வந்தது. அது தரும் லிஸ்ட்டில் கூட்டவும் முடியாது, நீக்கவும் முடியாது, ‘செட்’கூட ஆகாது. பழைய ‘கலெக்டர்ஸ்.டூலிஸ்ட்’ நடைமுறையில் அர்ரேலிஸ்ட்டைத் தந்துகொண்டிருந்தது. ஆனால் அப்படித்தான் தருவேன் என்று அது எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை. பிழையின் முதல் வரியோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு வரிகளையும் பாருங்கள். ‘இம்யூட்டபிள் கலெக்ஷன்ஸ்’ என்று இருந்தால் ‘டூலிஸ்ட்’டோ ‘லிஸ்ட்.ஆஃப்’போதான் பெரும்பாலும் காரணம். பிறகு மாற்ற வேண்டிய லிஸ்ட்டுகளுக்கு மட்டும் ‘கலெக்டர்ஸ்.டூகலெக்ஷன்’ எழுதி, அர்ரேலிஸ்ட் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மற்ற இடங்களில் எடிட்டர் சொன்னது அப்படியே இருக்கட்டும்.