ஜெபத்தில் தூங்கி விழும் பிள்ளைகள்: பாறசாலை அக்காவுக்கு

அக்கா, ராத்திரி குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் இரண்டும் தூங்கி விழுகிறார்கள், விசுவாசத்தில் வளர்க்கத் தெரியாத அம்மா நான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள், மனசு கனக்கிறது.

வேதாகமத்தில் உபாகமம் 6:7, தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்கிறது. களியக்காவிளையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி ஆப்பமாவு கரைத்து வைப்போம், காலையில் பொங்கி நிற்கும். மகளையே மூடியைத் திறக்கவிட்டு, மத்தேயு 13:33-இல் இயேசு பரலோகராஜ்யத்துக்கு உவமையாகச் சொன்ன புளித்தமாவும் இப்படித்தான், மூன்றுபடி மாவையும் சத்தமில்லாமல் புளிக்க வைத்தது என்றேன். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அவளே கேள்வி கேட்டாள்.

ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள், ஐந்து நிமிடம் போதும். அப்புறம், பிள்ளை பென்சிலைத் தொலைத்துவிட்டு அழுதால் திட்டாமல் கூடவே தேடுங்கள். லூக்கா 15:8-இல் இயேசு சொன்ன உவமையில் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி வெள்ளிக்காசைத் தேடியவளும் நம்மைப் போல ஒரு பெண்தான்.