மிருகம் செய்யாத மிருகத்தனம்

கேள்வி: எங்கள் புளோக்கில் நள்ளிரவில் யாரோ ஒரு பூனையை மாடியிலிருந்து வீசிக் கொன்றுவிட்டார்கள். ‘புரூட்டல்’ என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மிருகத்தனம் என்றுதானே அதற்கு அர்த்தம்? அந்தச் சொல் எப்படி வந்தது என்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் கேட்கிறாள்.
- ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: இன்றைய அர்த்தம் அதுதான். ஆனால் பிறந்தபோது அந்தச் சொல்லில் கொடுமை துளியும் இல்லை. லத்தீனில் ‘புரூட்டஸ்’ என்றால் கனத்தது, மந்தமானது. ரோமாபுரியின் கடைசி மன்னன் தார்க்குவினிடமிருந்து உயிர் தப்ப முட்டாள்போல் நடித்த ஒருவருக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கி.மு. 509இல் அந்த மன்னனைத் துரத்திக் குடியரசை நிறுவியவர் அவர்தான் என்கிறது ரோமானிய மரபு. சமஸ்கிருத ‘குரு’வும் இதே வேரில் கிளைத்ததுதான், அதற்கும் கனம் என்றே முதற்பொருள். அங்கே கனம் மதிப்பானது, இங்கே மந்தபுத்தியானது.

அந்த மந்தம்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பகுத்தறிவு இல்லாத உயிர் என்று விலங்கைக் குறித்தது. அப்புறம் விலங்கிலிருந்து கொடியவனுக்குத் தாவியது.

விலங்கைச் சொல்லும் ஆங்கில ‘பீஸ்ட்’டும் வந்தேறிதான், லத்தீன் ‘பெஸ்டியா’. அதற்கு முன் ஆங்கிலேயர் எந்த விலங்கையும் ‘டியர்’ என்றே சொன்னார்கள். புதுச்சொல் இடத்தைப் பிடித்ததும் ‘டியர்’ மானோடு ஒடுங்கிவிட்டது. மிருகமும் அப்படித்தான். வேதத்தில் காட்டு விலங்கைச் சொன்ன அந்தச் சொல் பிறகு மானையும் குறித்தது. மிருகசீரிடம் என்றால் மான்தலை என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, உங்கள் புளோக்குக்கு வருவோம். ஊர் உறங்கும் நேரம் பார்த்து, நம்பி வந்த பூனையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வீசியவர் புத்தி மந்தித்துச் செய்யவில்லை, யோசித்தே செய்திருக்கிறார். அவரை மிருகம் என்பது செத்த பூனையின் இனத்தின்மீதே பழியைப் போடுவது. எனக்கு அதில் சம்மதமில்லை. கொடூரம், குரூரம் என்று நேராகச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. மகளை அவற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. விலங்குவதைக்கு இங்கே சிங்கப்பூரில் முதல்முறை பிடிபட்டாலே 15,000 வெள்ளி வரை அபராதமோ 18 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அன்றிரவு எதையாவது பார்த்தவர்கள் உங்கள் புளோக்கில் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.