கல்லூரி கேள்வி-பதில்: ஸ்கிரைப், கூடுதல் நேரம், படிக்க முடியாத பிடிஎஃப்

செமஸ்டர் நெருங்குவதால் மாற்றுத்திறனாளி மாணவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எட்டுக் கேள்விகளாக எடுத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் தேர்வு. ஸ்கிரைப் (நான் சொல்லச் சொல்ல எழுதுபவர்) வேண்டும். அவசரம், உதவுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாதிப்பு, சான்றிதழ் இருக்கிறதா, எதுவுமே எழுதவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டிய அன்றே ஸ்கிரைப் விண்ணப்பமும் போயிருக்க வேண்டும். சரி, இப்போது யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஹால் டிக்கெட் நகல்களோடு காலையில் முதல் ஆளாகக் கல்லூரி முதல்வரைப் பாருங்கள். அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரே தேர்வுக் கன்ட்ரோலர் அலுவலகம் போங்கள். அப்புறம், ஸ்கிரைப்போடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பழகுங்கள். 'எக்ஸ் ப்ளஸ் ஒன் பை டூ' என்று நீங்கள் சொன்னால், இரண்டால் வகுப்பது ஒன்றை மட்டுமா, முழுவதையுமா? தேர்வறையில் அதைப் பேசித் தீர்க்க விடமாட்டார்கள்.

எனக்கு ஸ்கிரைப் வேண்டாம், நானே எழுதுவேன். அப்போதும் கூடுதல் நேரம் உண்டா?

ஸ்கிரைப்புக்குத் தகுதி இருந்தால் உண்டு. மணிக்கு 20 நிமிடம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

கை நடுக்கம். சான்றிதழில் 30 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். 40 இல்லாததால் எதுவும் கிடையாது என்கிறது கல்லூரி.

தவறு. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான வரம்பு. எழுதுவதில் சிரமம் இருப்பவருக்கு ஸ்கிரைப் தர அந்த வரம்பைக் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கு அது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதல்களும் வெளியிட்டது. 'எழுதுவதில் சிரமம் உள்ளது' என்று அரசு மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்கி, வழிகாட்டுதல் நகலோடு எழுத்தில் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்க மறக்காதீர்கள். வாய்வார்த்தையாக 'பார்க்கலாம்பா' என்று சொன்னவர் தேர்வு நாளில் விடுப்பில் இருப்பார்.

பார்வையற்ற மாணவி. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்புகிறார்கள், என் ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிக்க மாட்டேன் என்கிறது. வேறு நல்ல மென்பொருள் உண்டா?

மென்பொருள்மேல் பழி போடாதீர்கள் அம்மா. என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசம், நன்றாகவே படிக்கும். அதற்குக் கிடைப்பதுதான் குப்பை.

நானும் பார்வையற்றவன், முப்பது வருடம் தமிழ் கற்பித்தவன். நான் படித்தபோது நண்பர்கள் பாடத்தை வாசித்து கேசட்டில் பதிந்து தருவார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்போம். எரிச்சல்தான், ஆனாலும் பாடம் காதில் விழுந்தது. இன்று ஆசிரியர் கணினியில் அடித்த நோட்ஸை அச்சடித்து, அதை போனில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார். எழுத்து எழுத்தாக இருந்ததை எதற்காகப் படமாக்கினார்? 'காலி ஆவணம்' என்கிறது ஸ்க்ரீன் ரீடர். எனக்கே ஒரு பயிலரங்கில் நாற்பது பக்கம் இப்படி வந்தது. 'நல்ல தெளிவான ஸ்கேன் சார்' என்று சமாதானம் வேறு.

இதைவிட மோசம் பாமினி எழுத்துரு. திரையில் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். ஸ்க்ரீன் ரீடர் அதை 'ஜே கே பி ஓ' என்று வாசித்து, கடைசியில் ஒரு செமிகோலன் போடும். ஒரு முழு இலக்கிய வரலாற்றை இப்படிக் கேட்டுப் பாருங்கள். தமிழைத் தமிழாகவே கணினியில் சேமிக்கும் யூனிகோடு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தமிழ்த் துறைகளே இன்னும் மாறவில்லை என்றால் யாரைச் சொல்வது?

ஆசிரியரிடம் 'ஸ்கேன் வேண்டாம், வேர்டு கோப்பையே அனுப்புங்கள்' என்று கேளுங்கள். பாமினி என்றால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்சடித்த பக்கத்தின் படம் மட்டும்தான் கையில் இருக்கிறதா, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழை ஓரளவு எழுத்தாக்கித் தரும். கையெழுத்துப் பிரதியில் தடுமாறும். 'புத்தகத்தை ஸ்கேன் செய்தால் காப்புரிமைச் சிக்கல்' என்று நூலகர் தயங்கினால், காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது மீறல் அல்ல என்று சொல்லுங்கள். துறைத் தலைவருக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் சீல்.

மூன்றாம் மாடியில் வகுப்பு. லிஃப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை. நண்பர்கள் சக்கர நாற்காலியோடு தூக்கிப் போகிறார்கள்.

நண்பர்கள் வாழ்க. ஆனால் ஒரு படியில் கால் தவறினால் என்ன ஆகும்? லிஃப்ட்டுக்கு டெண்டர், ஒப்புதல் என்று காலம் ஓடும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு நாள் போதும். அதைக் கேளுங்கள், கூடவே தரைத்தளத்தில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையையும். பலர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்.

தனியார் சுயநிதிக் கல்லூரி. 'எங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொருந்தாது' என்கிறார்கள்.

அந்த 2016 சட்டத்தின் 5 சதவீத இடஒதுக்கீடு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத்தான். ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்றும் அதே சட்டம் எதிர்பார்க்கிறது. இரண்டையும் குழப்பிப் பேசினால் பதிலை எழுத்தில் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

மன அழுத்தத்துக்கு நீண்ட நாளாகச் சிகிச்சை. சட்டத்தில் இடம் உண்டா? வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ?

சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். சான்றிதழ் அலுவலகக் கோப்போடு நிற்கட்டும். ஆசிரியரிடம் 'மாத்திரையால் காலையில் தூக்கம் கலைவதில்லை, முதல் பீரியடுக்குத் தாமதமாகும்' என்றால் போதும், நோயின் பெயர் அவருக்கு எதற்கு?

காது கேட்காத தம்பிக்கு வகுப்பில் என்ன கேட்கலாம்?

முன் வரிசை இடம். பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்க்ரைப் செயலி தமிழையும் எழுத்தாக்கும், ஆசிரியர் மேசையில் போனை வைத்தால் இன்னும் நன்றாக வரும். சைகை மொழி தெரிந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். நகலில் சீல்.