கால்நடை மருந்தகப் பணி: வாசகர் கேள்வி – பதில்

கன்று ஈன்று படுத்துவிட்ட மாட்டுக்கு கால்சியம் ஏற்றும்போது பாட்டிலைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அதில் கவனிக்க என்ன இருக்கிறது?
– கால்நடை மருந்தக உதவியாளர், மன்னார்குடி

நிறைய இருக்கிறது. ஊசியை ஏற்றுவது மருத்துவர் கை என்றால், மருந்து ஓடும் வேகம் உங்கள் கையில்.

முதலில் 450 மி.லி. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, மாட்டின் உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் திணித்த சாக்குகளை இரு புறமும் முட்டுக் கொடுங்கள். தலையைத் திருப்பிப் பின்னங்காலோடு சேர்த்துக் கட்டினால் கழுத்து அசையாது. குழாயில் இருக்கும் காற்று முழுதும் வெளியேற, கொஞ்சம் மருந்தை ஓடவிட்ட பிறகே ஊசியில் மாட்ட வேண்டும். ரத்தக்குழாய் புடைக்கக் கழுத்தில் போட்ட கயிற்றை, ஊசி உள்ளே போனதும் தளர்த்துங்கள். "மருந்து இறங்கவில்லையே" என்று பாட்டிலை உயர உயரத் தூக்குவார்கள்; பல நேரம் காரணம், அவிழ்க்க மறந்த அந்தக் கயிறுதான்.

உயரம் கூடினால் வேகம் கூடும். கால்சியம் வேகமாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி மாடு அங்கேயே இறந்துவிடலாம். ஒரு பாட்டில் இறங்க 10 முதல் 20 நிமிடம் ஆகட்டும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "இறக்கு" என்றதும் பாட்டிலைக் கழுத்து மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தால் ஓட்டம் நின்றுவிடும். ஊசி நழுவி, தோலுக்கடியில் வீக்கம் தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். வெளியே கசிந்த கால்சியம் சதையை அழுகச் செய்யும். தசை நடுங்குவது, ஏப்பம் விடுவது, சாணம் போடுவது எல்லாம் மாடு தேறுகிறது என்பதற்கான அடையாளம்.

இன்னொன்று. கன்று ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் இந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் காய்ச்சலே இராது, காது சில்லிட்டுக் கிடக்கும். பெயரைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் கஷாயத்தோடு வந்து நிற்பார். ஊற்ற விடாதீர்கள். அந்த நிலையில் மாட்டால் சரியாக விழுங்க முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும்.

உறைவிந்துக் குச்சிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சினை நிற்கவில்லை என்று விவசாயிகள் குறைசொல்கிறார்கள். என் பக்கம் தவறு இருக்குமா?
– உதவியாளர், திருச்செங்கோடு

பருவம் தப்பி ஊசி போட்டாலும், கருப்பையில் கோளாறு இருந்தாலும் சினை நிற்காது. ஆனாலும் உங்கள் பக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது. குச்சிகளைக் கலனில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். குச்சிகள் உள்ள குவளையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்காதீர்கள். பத்து விநாடிக்குள் குச்சி அகப்படவில்லையா, குவளையை உள்ளே இறக்கிவிட்டு மறுபடி தேடுங்கள். அரைகுறையாக உருகி மீண்டும் உறைந்த குச்சி பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே உயிரணு செத்திருக்கும்.

இடுக்கியால் எடுத்து, ஒரு உதறு உதறி, 37 டிகிரி நீரில் 30 விநாடி வையுங்கள். வெப்பமானி கட்டாயம். மாடித் தொட்டியில் இருந்து வரும் சித்திரை மதியத் தண்ணீர் கை பொறுக்காத சூடாக இருக்கும். அக்குளிலும் சட்டைப் பையிலும் வைத்து உருக்குவது வழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள். எடுத்ததும் ஈரம் போகத் துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணுவைக் கொல்லும். பஞ்சடைப்பு உள்ள முனை விந்து செலுத்தும் துப்பாக்கிக்குள் போக, மறுமுனையை நேராக வெட்ட வேண்டும்; சாய்வாக வெட்டினால் துப்பாக்கி மேல் மாட்டும் உறைக்குள் கசியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பனிக்காலத்தில் துப்பாக்கியையும் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வது நல்லது. உருக்கிய குச்சியைக் காலம் தாழ்த்தாமல் பயன்படுத்திவிட வேண்டும்.

நைட்ரஜன் மட்டத்தை மரக்குச்சியால் பாருங்கள். வெளியே எடுத்ததும் பனி படியும் உயரமே அளவு. உள்ளே துளையுள்ள குழாயை விட்டால் திரவம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது. கலன் இருக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். நைட்ரஜன் பெருகினால் மூச்சுவிடக் காற்று குறைந்துபோகும், வாசனையும் தெரியாது.

நான் மூன்று மாதக் கர்ப்பிணி. மருந்தக வேலையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?
– வாசகி, தாராபுரம்

மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், தாமதிக்க வேண்டாம். கன்று வீசிய மாடு, தங்கிப்போன நஞ்சுக்கொடி, அது விழுந்த இடத்தைக் கழுவுவது: மூன்றுக்கும் நீங்கள் போகக் கூடாது. கன்றுவீச்சு (புரூசெல்லோசிஸ்) நோய்க்கிருமி மனிதருக்கும் தொற்றும். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் அந்நோய்த் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அதையும் தொடாதீர்கள்.

பலரும் அறியாதது, மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் குளோப்ரோஸ்டினால் ஊசி. அது தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி, கருச்சிதைவு உண்டாக்கக் கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆபத்து. மருந்து சிந்திய மேசையை வேறொருவர் கையுறை போட்டுத் துடைக்கட்டும்.

எச்சில் ஒழுக வரும் மாட்டின் வாயில் கையை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாமா?
– பயிற்சி உதவியாளர், விருத்தாசலம்

வேண்டாம். எச்சில் ஒழுகல், விழுங்க முடியாமை, கரகரத்த குரலில் ஓயாமல் கத்துவது எல்லாம் வெறிநோயிலும் (ரேபிஸ்) வரும். அது இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வாய்ப்பக்கம் போகாதீர்கள். நாய் கடித்ததா என்று மட்டும் வீட்டுக்காரரிடம் விசாரித்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்ததையும் கேளுங்கள்.

கையில் இருந்த கீறலில் எச்சில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் எதுவும் நடப்பதற்கு முன்பே 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே சரி. அப்படிப் போட்டவருக்கு, பின்னால் எச்சில் பட்டாலோ கடித்தாலோ 0, 3-ஆம் நாள் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம் உள்ள ஊசி) தேவையில்லை. முன்பு போட்ட சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சைக்குப் போகும் இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.