பணவீக்கம் குறைந்தது, பில் ஏன் குறையவில்லை?

விலைவாசியும் வேலையும் பற்றித்தான் இந்த முறை அதிகக் கேள்விகள். ஒரே மாதிரி கேட்டவர்களுக்கு ஒரே பதில், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். என் மாதச் செலவு குறையவே இல்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை, சொல்கிற விதம்தான் குழப்புகிறது. 100-க்கு வாங்கிய பொருள் ஒரு வருடத்தில் 10 சதவீதம் ஏறி 110 ஆனது, அடுத்த வருடம் 3 சதவீதம்தான் ஏறி 113 சொச்சம் ஆனது என்று வையுங்கள். செய்தியில் 10-லிருந்து 3-க்கு இறங்கியது என்பார்கள், உங்கள் கையிலிருந்து போவதோ 113. ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த வருடம் அதே மாதத்தில் 3 சதவீதத்துக்கு வந்தது. அங்கேயும் மக்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

எல்லா விலையும் ஒட்டுமொத்தமாக இறங்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். 1990-களின் கடைசியிலிருந்து ஜப்பான் அதைப் பார்த்தது, விலையோடு சேர்ந்து சம்பளமும் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தது. அதனால் பில்லை மட்டும் பார்க்காதீர்கள், சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை 7 சதவீதம் ஏறிய வருடத்தில் 5 சதவீத உயர்வு கொடுத்து வாழ்த்துக் கடிதமும் கையில் திணித்தால், நடந்திருப்பது சம்பள வெட்டு. கடிதத்தை வேண்டுமானால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கோ ஒரு கப்பல் நின்றால் எல்லா இடத்திலும் விலை ஏறுமா? வியாபாரிகள் சொல்லும் சாக்கு இல்லையா இது?

சாக்கும் உண்டு, உண்மையும் உண்டு. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக்கொண்டது. அப்போது உலக வணிகத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் போய்க்கொண்டிருந்த வழி அது. ஏற்கெனவே கொரோனாவால் தாறுமாறாக இருந்த கன்டெய்னர் வாடகை அந்த வருடம் 40 அடிப் பெட்டிக்கு 10,000 டாலரைத் தாண்டியது, கொரோனாவுக்கு முன் 2,000-க்கும் கீழே.

இனி நீங்களே கணக்குப் போடலாம். கூடுதலாக 8,000 டாலர். பெட்டிக்குள் 20,000 போன் இருந்தால் ஒரு போனுக்கு அரை டாலர்கூட இல்லை, அதே பெட்டியில் 50 சோபா என்றால் ஒன்றுக்கு 160 டாலர். எனவே கப்பலைக் காட்டி சோபா விலையை ஏற்றுகிறவரை நம்பலாம், போன் விலையை ஏற்றுகிறவரைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பொருளுக்கு வரியைப் போட்டால் போன வேலையெல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார்களே, வருமா?

கொஞ்சம் வரும், என்ன விலைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. 2018-ல் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள், விற்கிறவருக்கு அது தெரியாதா என்ன! உள்நாட்டு கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை, போட்டி குறைந்த சந்தோஷத்தில் அவையும் ஏற்றின. சுமார் 1,800 வேலை வந்தது. வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கொடுத்ததைக் கணக்குப் போட்ட பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு வேலைக்கு வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் ஆனது என்றார்கள். அந்த வேலையில் இருப்பவருக்கு அதில் ஒரு துளிதான் சம்பளம்.

இதைப் படித்துவிட்டு, தடையில்லாத வணிகமே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலை போயிருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர் டேவிட் ஆட்டரும் அவர் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். வேலை போனவர்கள் வேறு ஊருக்கு, வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. பலர் போகவில்லை. வீட்டை விற்க முடியாது, அந்த ஊரில் வாங்க ஆள் இல்லை, ஐம்பது வயதில் புதுத் தொழில் கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. மலிவு விலை கோடிக்கணக்கான பேருக்குச் சில்லறை சில்லறையாகப் போய்ச் சேர்ந்தது, நஷ்டம் மொத்தமும் சில ஊர்களின் தலையில் விழுந்தது. லாபத்தில் ஒரு பங்கை அந்த ஊர்களுக்குக் கொடுத்திருக்கலாம், பேச்சளவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் கோபம் வரி மேல் இல்லை, இந்தப் பாக்கியின் மேல்தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தபின் எந்தப் படிப்பு பாதுகாப்பானது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஏடிஎம் வந்தபோது வங்கிக் காசாளர் வேலை ஒழிந்தது என்றார்கள். அமெரிக்காவில் நடந்தது வேறு: ஒரு கிளைக்கு ஆள் குறைந்ததால் கிளை நடத்துவது மலிவானது, கிளைகள் பெருகின, காசாளர் எண்ணிக்கையும் பல வருடங்கள் கூடியது. அப்புறம் போனிலேயே வங்கி வந்தது, அப்போதுதான் குறைய ஆரம்பித்தது. முதல் பயமும் தப்பு, அதற்குப் பின் வந்த நிம்மதியும் தப்பு. படிப்பின் பெயரை விடுங்கள். நீங்கள் விரும்பும் வேலையில் ஒருவர் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதில் எவ்வளவு படிப்படியாக எழுதி மெஷினிடம் கொடுத்துவிடக்கூடிய வேலை என்று எண்ணுங்கள்.

கேள்வி: டிவி மலிவாகிக்கொண்டே போகிறது, முடி வெட்டும் கூலி மட்டும் ஏன் ஏறுகிறது?

டிவி செய்ய ஆகும் உழைப்பு வருடாவருடம் குறைகிறது. உங்கள் தலை அன்றைக்கும் அரை மணி நேரம், இன்றைக்கும் அரை மணி நேரம். ஆனால் மற்ற வேலைகளில் சம்பளம் ஏறும்போது வெட்டுகிறவருக்கும் ஏற்றிக் கொடுக்காவிட்டால் அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போய்விடுவார். 1960-களில் வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் இதை இசைக் கலைஞர்களை வைத்து விளக்கினார்: நால்வர் வாசிக்கும் இசைக்கு இருநூறு வருடம் கழித்தும் நால்வர்தான் வேண்டும். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு ஏறுவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முழுப் பங்கும் இதுதான் என்று பள்ளிக்கூடம் சொன்னால், போன் விற்பவரை முறைத்தீர்களே, அதே பார்வை.