ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையின் சாப்பாட்டை யார் கவனிக்கிறார்கள்?

கேள்வி: காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று குழந்தையைச் சேர்த்தால் மருந்து கொடுக்கிறார்கள். ஊட்டச்சத்தையும் பார்ப்பார்களா? பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து அம்மாக்கள்தான் எங்களிடம் அதிகம், பேச்சு தமிழ்தான்.

பார்க்கிறார்கள், ஆனால் பல இடங்களில் பாதியோடு நின்றுவிடுகிறது. சேர்க்கும்போது எடை எடுப்பது மருந்தின் அளவைக் கணக்குப் போட. அந்த எடை உயரத்துக்கு ஏற்றதா, முன்பைவிடக் குறைந்திருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். ஊட்டச்சத்துக் குறையும் ஆபத்து உள்ள குழந்தையைக் கண்டுபிடிக்க நெதர்லாந்தில் உருவாக்கிய ‘ஸ்ட்ராங்கிட்ஸ்’ முறையில் பார்ப்பது நான்கே விஷயங்கள்தான்: பார்வைக்கே மெலிந்திருக்கிறதா, சத்தைக் குறைக்கும் பெரிய நோய் இருக்கிறதா, சாப்பாடு குறைந்ததா அல்லது வாந்தி, வயிற்றுப்போக்கு அதிகமா, எடை இறங்கியதா அல்லது ஏறாமல் நிற்கிறதா. ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். “சாப்பிடறானா?” என்றால் “சாப்பிடறானுங்க சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். “நேத்து காலையில என்ன குடுத்தீங்க கண்ணு, எத்தனை வாய் வாங்கினான்?” என்று கேட்டால்தான் கஞ்சித்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும் என்பது வெளியே வரும். கஞ்சித்தண்ணியில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயிறு நிறையும், சத்து சேராது. எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரசவத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனவர்களின் குழந்தைக்கு எடை எழுதிய அட்டை அங்கேயே கிடக்கும். அதைக் கையோடு கொண்டு வாருங்கள், அல்லது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய எடை தெரியாமல் இறங்கியதா என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் என்றால் மேல்கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு; 11.5 முதல் 12.5 வரை மிதமானது. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர்க்கட்டு இருந்தால் தராசு காட்டும் எடையை நம்ப முடியாது.

கடுமையான நிலை என்று தெரிந்ததும் வீட்டார் நெய், முட்டை, பால்பவுடர் என்று ஒரே நாளில் ஊட்டத் தொடங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த உடம்பு அதைத் தாங்காது. முதல் சில நாட்கள் இந்தக் குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் எஃப்-75 என்ற பாலை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். 100 மில்லியில் 75 கலோரிதான் இருக்கும். குழந்தை தேறிய பிறகுதான் சத்து கூடிய எஃப்-100. இரும்புச்சத்து மருந்தைக்கூட ஆரம்பத்தில் கொடுக்க மாட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது.

அப்புறம் இந்த வெறும் வயிறு. ஸ்கேனுக்காகக் காலையில் பட்டினி போட்ட குழந்தைக்கு ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போனால், “இப்போ ஏதாவது குடுக்கலாமா?” என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு வேளை போனால் மெலிந்த குழந்தை இன்னும் மெலியும்.

டிஸ்சார்ஜ் அன்று மறுபடி எடை எடுத்து எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் என்றால் கேரள அங்கன்வாடியில் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு கிடைக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தை அங்கன்வாடி டீச்சரிடம் காட்டி, அடுத்த எடை என்றைக்கு என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.